உண்டியலை உடைக்கும் நாள்

பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் தொழில் பழகும் பையன்கள் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கடையில் ஒரு மண் உண்டியலை வைப்பார்கள். நம்மூர்த் திருவிழாக் கடைகளில் விற்கிற உண்டியலைப் போன்றதுதான்: மேலே காசு போக ஒரு கீறல், மற்றபடி மூடியும் கிடையாது, பூட்டும் கிடையாது. கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டுப் போவார்கள். பண்டிகை வந்ததும் உண்டியலைத் தரையில் போட்டு உடைத்து, சிதறிய காசைப் பொறுக்கிப் பையன்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதற்குக் ‘கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ என்று பெயர். டிசம்பர் 26-க்கு ‘பாக்சிங் டே’ என்ற பெயர் வந்ததும் இந்தப் பெட்டி வழக்கத்தால்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குத்துச்சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், 1663 டிசம்பர் 19-ஆம் தேதி நாட்குறிப்பில், செருப்புக் கடைக்குப் போய்ப் பாக்கியைத் தீர்த்ததையும் பையன்களின் பெட்டியில் ஏதோ போட்டதையும் ஒரே மூச்சில் எழுதிவைத்திருக்கிறார். கடனும் கொடையும் ஒரே வரியில் நிற்கின்றன. அவருக்கு இரண்டும் தீர்க்க வேண்டிய கணக்குகள்.

ஜோனதன் ஸ்விஃப்ட் இன்னும் வெளிப்படையானவர். 1710 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனிலிருந்து அயர்லாந்தில் இருந்த தன் தோழிக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பெட்டிகளால் தான் ஓட்டாண்டியாகப் போவதாகவும், காபிக் கடைப் பையன்கள் தங்கள் ‘வரி’யைக் கூட்டிவிட்டதாகவும், வெட்கத்துக்குப் பயந்து தானும் கொடுத்துத் தொலைத்ததாகவும் புலம்புகிறார். பெரிய எழுத்தாளர் ஒருவரின் சின்னத்தனமான புலம்பல் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் வரலாற்றுச் சான்று என்ற முறையில் அந்த ஒரு சொல் விலைமதிப்புள்ளது. கொடுத்தவரே அதை ‘வரி’ என்கிறார். வாங்கியவர்கள் விகிதத்தைத் தாங்களே உயர்த்துகிறார்கள். கொடுப்பவருக்கு எரிச்சல், ஆனாலும் மறுக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் நற்செயல் என்றதும் இன்று நம் மனத்தில் எழுவது கொடுப்பவரின் முகம்: இளகிய நெஞ்சு, திறந்த கை, பரிசுப் பொட்டலம். பழைய வழக்கங்களைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவதோ வாங்குபவரின் கை. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: கிறிஸ்துமஸ் காலத்துக் கொடை, கேட்டு வாங்கும் வழக்கமாக இருந்தபோதும், பிற்காலத்தில் சில நாடுகளில் கேட்டு வாங்கும் சட்டமாக ஆனபோதும்தான், வாங்குபவர் நம்பிக் காத்திருக்கக்கூடிய ஒன்றாக இருந்தது. இரண்டுக்கும் இடையில், கொடுப்பவரின் மனநெகிழ்ச்சியையே முழுமுதலாக நம்பிய காலத்தில், அது பெரும்பாலும் ஒரு வேளைச் சாப்பாட்டோடும் ஒரு கூட்டம் வேடிக்கை பார்ப்பதோடும் முடிந்துபோனது.

லண்டன் கடைகளை விட்டுக் கிராமங்களுக்குப் போனால் வழக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். டிசம்பர் 21 அப்போது புனித தோமையார் திருநாள். சென்னையின் சாந்தோமுக்குப் பெயர் தந்த அதே தோமையார்தான். அவருடைய திருநாளை ரோமாபுரி 1969-இல்தான் ஜூலை 3-க்கு மாற்றியது. அந்த டிசம்பர் 21 அன்று இங்கிலாந்துக் கிராமங்களில் ஏழைப் பெண்கள், குறிப்பாக விதவைகள், வீடு வீடாகப் போய் கோதுமையோ காசோ வாங்கி வருவார்கள். வாங்கிய கோதுமையைப் பாலில் வேகவைத்துப் பண்டிகைக் கஞ்சி செய்வார்கள், அல்லது அரைத்து ரொட்டி சுடுவார்கள். சில ஊர்களில் அன்றைய கோதுமையை மாவு ஆலைக்காரர் கூலி வாங்காமல் அரைத்துக் கொடுப்பதும் உண்டு. பெண்கள் பதிலுக்கு ஹாலி அல்லது மிசில்டோ கொத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவார்கள். வெறுங்கையோடு போய்க் கேட்பதில்லை. இந்த வழக்கத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு. ஒரு பெயர் ‘தாமஸிங்’. இன்னொரு பெயர் ‘குடிங்’: நல்லது என்ற பொருளுள்ள ‘குட்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த வினை. அந்த வினையின் எழுவாய் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘குடிங்’ போனவர்கள் ஏழைப் பெண்கள். பண்ணை வீட்டுக்காரர் கதவைத் திறந்து நின்றவர், அவ்வளவே. நற்செயலின் வினைமுற்று வாங்கியவர் பக்கம் இருந்த ஒரு காலம் அது. இன்று அதே சொற்களை வைத்து நாம் பேசும்போது எழுவாய் இடம் மாறிவிட்டது. மொழியிலேயே அந்தக் கைமாற்றம் பதிவாகியிருக்கிறது.

இதற்கு வேதத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. டிசம்பர் 26, முதல் மறைசாட்சியான ஸ்தேவானின் நாள். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை முடியப்பர் என்பார்கள். கல்லெறிந்து கொல்லப்பட்டவர் என்று மட்டுமே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவர் பொறுப்புக்கு வந்த கதை திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமின் முதல் கிறிஸ்தவச் சமூகத்தில் அன்றாடம் நடந்த பந்தியில், கிரேக்கம் பேசிய விதவைகளுக்குச் சரியாகப் பங்கு போடவில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. அந்த முறையீட்டைத் தீர்க்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் முதலில் பெயர் சொல்லப்படுபவர் ஸ்தேவான். ஆக, திருச்சபையின் முதல் பந்தி விசாரணைக்காரர்களை உண்டாக்கியது யாருடைய கருணையும் இல்லை, பசித்தவர்களின் புகார். ‘எங்களுக்கு வரவில்லை’ என்று சொல்ல அந்தப் பெண்களுக்கு வாய் இருந்தது; கேட்க மற்றவர்களுக்குக் காது இருந்தது. ஏழுபேரும் கிரேக்கப் பெயர் கொண்டவர்கள் என்பது இன்னொரு நுட்பம்: புகார் சொன்ன தரப்பின் மொழிக்காரர்களையே பொறுப்பில் வைத்தார்கள் என்று அறிஞர்கள் இதைப் படிக்கிறார்கள்.

இப்படி இருந்த வழக்கத்தை உடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. கிராமத்தில் யார் வீட்டு வாசலில் நிற்கலாம் என்று ஏழைக்குத் தெரியும். யார் வந்து நிற்கிறார் என்று வீட்டுக்காரருக்கும் தெரியும். பொது நிலங்கள் வேலியிடப்பட்டு, கூலிகள் தொழிற்சாலை நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அந்த அறிமுகம் அறுந்தது. அதன்மேல் வந்து விழுந்தது 1834-ஆம் ஆண்டின் புதிய ஏழைகள் சட்டம். உடலில் வலுவுள்ள ஏழைக்கு வீட்டில் இருந்தபடி உதவி தருவதைக் கட்டுப்படுத்தி, வேண்டுமானால் ‘வொர்க்ஹவுஸ்’ என்ற விடுதிக்குள் வா என்றது அது. உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். வெளியே கிடைக்கும் மிகக் கேவலமான வாழ்க்கையையும்விடக் கீழாக உள்ளே இருக்க வேண்டும் என்பதே கொள்கை. பண்டிகை விஷயத்தில் அந்த நிர்வாகம் நடந்துகொண்ட விதம் சுவாரசியமானது. வரிப் பணத்தில் கிறிஸ்துமஸுக்கென்று கூடுதலாக எதுவும் பரிமாறக் கூடாது என்று தொடக்கத்தில் தடை போட்டது. 1840-இல் தனியார் தருவதாக இருந்தால் பரிமாறலாம் என்று இறங்கி வந்தது. 1847-இல்தான் வரிப் பணத்திலேயே செய்துகொள்ளலாம் என்றது. இடைப்பட்ட அந்த ஏழு ஆண்டு விதியை நினைத்துப் பாருங்கள். ஏழைக்குப் பண்டிகைச் சாப்பாடு உண்டு. ஆனால் அது உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரின் தயவாக மட்டுமே வரவேண்டும். கொடை உரிமையாகிவிடாமல் தடுக்க ஓர் அரசாங்கம் எழுத்துமூலமாக எடுத்த முயற்சி இது.

வறுத்த மாட்டிறைச்சியும் பிளம் புட்டிங்கும் வந்த பிறகு என்ன நடந்தது என்பதை ஜார்ஜ் ஆர். சிம்ஸ் என்ற பத்திரிகையாளர் 1877-இல் ஒரு நீண்ட கதைப் பாடலாக எழுதினார். விடுதியின் கிறிஸ்துமஸ் பந்தியைப் பார்க்க நிர்வாகக் குழுவினர் மனைவிமாரோடு வந்து நிற்கிறார்கள். ஒரு கிழவர் எழுந்து, சாப்பிட மாட்டேன் என்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு இதே இடத்தில் தன் மனைவிக்காக ரொட்டி கேட்டு வந்ததையும், வீட்டுக்கு உதவி கிடையாது, வேண்டுமானால் உள்ளே வா என்று விரட்டப்பட்டதையும், பிரிந்து வாழ மனமில்லாத அவள் பட்டினியில் செத்ததையும் எல்லார் முன்னும் சொல்கிறார். பாட்டு அளவுக்கு மீறி உருக்கம் பிழிகிறது என்பது உண்மை. பின்னாளில் அதைக் கேலி செய்து எத்தனையோ பகடிகள் வந்தன. ஆனாலும் அதன் கோபம் குறிதவறவில்லை. அந்தக் கிழவருக்குச் சோறு போட்டதில் தவறில்லை. அவர் கேட்ட நாளில் கேட்டதைக் கொடுக்காமல், நிர்வாகம் விரும்பிய நாளில் விரும்பியதைக் கொடுத்தது என்பதே அவர் புகார்.

இனி டிக்கன்ஸ். கிறிஸ்துமஸ் ஈகையைப் பற்றிப் பேசி ‘ஒரு கிறிஸ்துமஸ் கரோல்’ கதையைத் தவிர்க்க முடியாது. 1843 டிசம்பர் 19-இல் வெளிவந்து, முதல் 6,000 படிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்த நூல். அதன் பிறப்பும் ஓர் அரசு அறிக்கையில்தான் இருக்கிறது. சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் குழந்தைகள் படும் பாட்டை விசாரித்த ஆணையத்தின் அறிக்கையை அந்த ஆண்டு படித்துக் கொதித்த டிக்கன்ஸ், முதலில் ஏழையின் பிள்ளைக்காக நாட்டு மக்களிடம் முறையிடும் ஒரு துண்டு நூலைத்தான் எழுத நினைத்தார். பிறகு அதைக் கைவிட்டுக் கதையாக எழுதினால் பலமடங்கு வலுவாக அடிக்கும் என்று முடிவு செய்தார். அடித்தது. ஆனால் அடி விழுந்த இடம் வேறாகிப்போனது. மனம் மாறினால் போதும், கருமியும் வள்ளலாவான் என்ற பாடமாகவே அந்தக் கதையை உலகம் எடுத்துக்கொண்டது. மாற்றத்தின் அடையாளமாக எல்லோர் நினைவிலும் நிற்பது ஸ்க்ரூஜ் தன் குமாஸ்தா பாப் கிராட்சிட் வீட்டுக்குப் பெயர் சொல்லாமல் அனுப்பும் பெரிய வான்கோழி.

கதையை மறுபடி எடுத்துப் படித்தால் வேறு இரண்டு இடங்கள் கண்ணை நிறுத்துகின்றன. முதல் இடம் தொடக்கத்தில், பேய் எதுவும் வருவதற்கு முன்பு. டிசம்பர் 24 மாலை, மறுநாள் முழு விடுப்பு வேண்டுமா என்று ஸ்க்ரூஜ் உறுமுகிறார். வேலையே செய்யாத நாளுக்குச் சம்பளம் கேட்பது, வருஷா வருஷம் டிசம்பர் 25-இல் தன் சட்டைப்பையில் கைவிட்டுத் திருடுவது போன்றது என்று எரிந்து விழுகிறார். ஆனால் விடுப்பைக் கொடுக்கிறார்! மனம் துளிகூட மாறாத ஸ்க்ரூஜ், வாரம் 15 ஷில்லிங் கூலியில் ஒரு நாள் பங்கைப் பிடித்தம் செய்யாமல் விட்டுவிடுகிறார். வழக்கம் அவரைவிடப் பெரிதாக இருந்தது. ஸ்விஃப்ட் செய்ததையேதான் ஸ்க்ரூஜும் செய்கிறார்: திட்டிக்கொண்டே கொடுக்கிறார். இரண்டாம் இடம் கதையின் முடிவில். வான்கோழி போனது கிறிஸ்துமஸ் அன்று. அதற்கு மறுநாள் காலை கிராட்சிட் பதினெட்டரை நிமிடம் தாமதமாக அலுவலகத்துக்கு ஓடி வருகிறார். அன்றுதான் ஸ்க்ரூஜ் சம்பளத்தை உயர்த்துகிறேன் என்கிறார். அது டிசம்பர் 26, பெட்டி உடைக்கும் நாள். டைனி டிம் என்ற நோயாளிப் பிள்ளை பிழைப்பான் என்று கதை சொல்வதை நம்ப வேண்டுமானால், அவனைப் பிழைக்கவைத்தது வான்கோழி என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். வாரா வாரம் வந்த கூடுதல் ஷில்லிங்குகள் என்றால் நம்பலாம். எவ்வளவு உயர்த்தினார் என்று டிக்கன்ஸ் சொல்லவே இல்லை. கிராட்சிட் கேட்கவும் இல்லை. கதையின் பலவீனம் என்று நான் கருதுவது அந்த இடத்தைத்தான்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் கதை இன்னும் விசித்திரமாகப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்தது. வாசலில் வந்து கேட்கும் வேலையாட்கள், பையன்கள் ஆகியோரின் இடத்தில் வீட்டுக் குழந்தைகள் வந்தமர்ந்தார்கள். கேட்டு வாங்கும் உரிமை ஏழையிடமிருந்து சொந்தப் பிள்ளைக்குக் கைமாறியது என்று வரலாற்றாசிரியர் ஸ்டீஃபன் நிசன்பாம் காட்டுகிறார். வெளியே நின்றவர்களுக்காக ஏற்பட்டது அமைப்பு வழி அறச்செயல். 1891-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் மக்ஃபீ என்ற இரட்சணிய சேனை அதிகாரி, ஆயிரம் ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு போடக் காசில்லாமல், படகுத்துறையில் ஒரு சட்டியைத் தொங்கவிட்டார். போகிறவர் வருகிறவர் காசு போட்டார்கள். அந்தச் சட்டி நாடெங்கும் பரவியது. நல்ல உபாயம், சாப்பாடும் நடந்தது. ஆனால் 1899-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் அதே சேனை நடத்திய மாபெரும் கிறிஸ்துமஸ் விருந்தில், ஆயிரக்கணக்கான ஏழைகள் கீழே தரையில் போட்ட மேசைகளில் சாப்பிட்டார்கள். வசதி படைத்தவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு மேல் மாடங்களில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது. இருந்தாலும் பந்தியில் உட்கார்ந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தபோது என்ன தெரிந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். சிம்ஸ் பாட்டில் கிழவர் பார்த்த காட்சிதான், அரங்கின் அளவில்.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதற்கு மாற்றாக ஒன்றைச் செய்தது. 1911 கிறிஸ்துமஸ் அன்று விருந்து முடித்து நடக்கப் போன அதன் அதிபர் அடால்ஃப் ஆக்ஸ், தெருவில் ஓர் ஏழையைச் சந்தித்தார். அந்த மனிதருக்கு அன்று இலவசப் பண்டிகைச் சாப்பாடு கிடைத்திருந்தது. தங்க இடம்தான் இல்லை. ஆக்ஸ் சில டாலர்களும் தன் அட்டையும் கொடுத்து, வேலை வேண்டுமானால் நாளைக்கு வா என்றாராம். அடுத்த ஆண்டு டிசம்பரில் ‘மிகவும் தேவையுள்ள நூறு பேர்’ என்ற தலைப்பில், பெயர் சொல்லாமல், நூறு குடும்பங்களின் நிலையை அந்த நாளிதழ் அச்சிட்டது. 117 பேர் 3,630 டாலர் அனுப்பினார்கள். அந்த நிதி நூறாண்டைத் தாண்டியும் நடந்துவருகிறது. பெயரை மறைத்தது பெரிய நாகரிகம். மேல் மாடத்துச் சீட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் நூறு பேரை யார் தேர்ந்தெடுத்தது? தொண்டு அமைப்புகள். நூற்றியோராவது குடும்பம் எங்கே போய் முறையிடும்? அதற்கு வழி இல்லை. ஆக்ஸ் தெருவில் சொன்ன ‘நாளைக்கு வா’ என்ற சொல்லில் இருந்த, திரும்பி வந்து கேட்கும் வாய்ப்பு அச்சுக்கு வரும்போது எங்கோ தொலைந்துவிட்டது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும், எழ வேண்டும். பழைய வழக்கத்தை அளவுக்கு மீறிப் புகழ்கிறேனா? டிசம்பர் இரவுகளில் கூட்டமாக வந்து பாடி, குடிக்கக் கேட்டு, கொடுக்காத வீட்டில் அட்டகாசம் செய்த கூட்டங்களும் இருந்தன. கேட்டு வாங்கும் உரிமை என்று நான் சொல்வதற்குள் மிரட்டலும் இருந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தோமையார் நாளில் வாசலுக்கு வந்தவர் அந்த ஊர்ப் பெண்ணாக இருந்தால்தான் கோதுமை. 1662-ஆம் ஆண்டுக் குடியமர்வுச் சட்டப்படி, தங்களுக்குச் சுமையாகக்கூடும் என்று தோன்றும் வெளியூர் ஏழையை ஒரு தேவாலயப் பங்கு (பாரிஷ்) தன் எல்லைக்கு வெளியே அனுப்பிவிடலாம். அறிமுகமே அடைக்கலமாக இருந்த உலகில் அறிமுகம் இல்லாதவர் கதி அதோகதிதான். அது மட்டுமா, வருஷத்துக்கு ஒரு நாள் கோதுமை கொடுத்துவிட்டு மற்ற நாளெல்லாம் அதே பண்ணையார் கூலியைக் குறைத்துப் பிடித்துக்கொள்ளவும் அந்த ஏற்பாடு உதவியிருக்கும். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். முகம் தெரியாதவருக்கு முகம் தெரியாதவர் செய்யும் உதவி என்பது பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகள் கண்டுபிடித்த உண்மையான புதுமை. பழைய கிராமத்தால் அது முடிந்திருக்காது.

அந்தப் புதுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டென்மார்க்கின் அஞ்சல் எழுத்தர் ஐனார் ஹோல்போலைவிட நல்ல சான்று இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளும் கடிதங்களும் மலைபோல் குவிந்து, அவற்றைப் பிரித்துப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது: ஒவ்வொரு உறையிலும் தபால்தலைக்குப் பக்கத்தில் சிறு காசுக்கு இன்னொரு முத்திரையை ஒட்டவைத்தால், காசநோய்க் குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே. 1904-இல் முதல் முத்திரை வெளிவந்தது. அந்தப் பருவத்திலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. கோல்டிங் நகரில் 1911-இல் குழந்தைகளுக்கான சானடோரியம் திறந்தது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், மூடப்படும் நிலையில் இருந்த ஒரு சிறு காசநோய் விடுதிக்கு 300 டாலர் திரட்ட வேண்டியிருந்த எமிலி பிசல் 1907-இல் இதே வழியைக் கையாண்டார். முத்திரை ஒன்று ஒரு சென்ட். 3,000 டாலர் வரை சேர்ந்தது. இந்தியாவிலும் காசநோய் முத்திரை வந்தது; இங்கே அதன் விற்பனையை காந்தி பிறந்தநாளில் தொடங்குவது வழக்கமாயிற்று. கிறிஸ்துமஸ் இங்கே அக்டோபருக்கு நகர்ந்துகொண்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். முத்திரையின் சிறப்பு, அது யாரையும் பந்தியில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கவில்லை என்பது. ஒட்டியவருக்கு நோயாளி யாரென்று தெரியாது. நோயாளி யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. ஒரு வேளைச் சோற்றைக் கடந்து, கட்டடமாக, படுக்கையாக, மருத்துவமாக மாறிய பண்டிகைக் காசு அது. என் வாதத்தின் மீது விழும் மிகக் கனமான எதிர்ச்சான்றும் இதுதான்: இங்கே வாங்குபவர் கேட்கவில்லை, ஆனாலும் நன்மை நிலைத்தது. இதை மறுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன். ஹோல்போலின் முத்திரை வென்றது, அது கொடுப்பவரின் நெகிழ்ச்சியைச் சார்ந்திருக்காமல், அவர் எப்படியும் செய்யப்போகிற ஒரு காரியத்தின் முதுகில் ஏறிக்கொண்டதால். கடிதம் போடுவது வழக்கம்; வழக்கத்தோடு காசும் போனது. மண் உண்டியலின் தத்துவம்தான் அது, உறை வடிவத்தில்.

வருஷத்தில் பதினோரு மாதம் மறந்திருந்துவிட்டு டிசம்பரில் மட்டும் பொங்கி வழியும் இரக்கம் போலியானது என்ற கேலியை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் கேலியில் எனக்குப் பெரிய உடன்பாடில்லை. தேதி குறித்திருப்பது வாங்குபவருக்கு அனுகூலம். என்றைக்கு வரும் என்று தெரியாத ஆயிரம் ரூபாயைவிட, இன்ன தேதிக்கு வரும் என்று தெரிந்த நூறு ரூபாயை நம்பித்தான் மளிகைக் கடையில் கடன் சொல்ல முடியும். தீபாவளிக்கு மறுநாள் வாசலில் வந்து நிற்கும் தபால்காரரும் துப்புரவுத் தொழிலாளியும் ‘இனாம்’ என்று கேட்கும்போது, அதில் இருப்பது கெஞ்சல் இல்லை என்பது நமக்குத் தெரியும்; நாள் பார்த்து வந்திருக்கிறார்கள். தேதியைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, அந்தத் தேதியில் யார் பேசுகிறார், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பார்ப்பதே பொருத்தம்.

கட்டாயத்தில் கொடுப்பது நற்செயலே ஆகாது, அன்பு இல்லாத இடத்தில் அறம் ஏது என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு விடையாக இந்தக் கதையின் அடுத்த பகுதியைச் சொல்லலாம். அது தேவாலயத்திலோ நாளிதழிலோ நடக்கவில்லை, தொழிலாளர் சட்டங்களில் நடந்தது. ஸ்பானிய மொழியில் கிறிஸ்துமஸ் அன்பளிப்புக்கு ‘அகினால்டோ’ என்று பெயர். வாசலில் வந்து பாடும் பையன்களுக்குக் கொடுப்பதும் அகினால்டோ, முதலாளி வேலையாளுக்குக் கொடுப்பதும் அகினால்டோ. 1970-ஆம் ஆண்டு மெக்சிகோவின் தொழிலாளர் சட்டம் அதை எடுத்து எழுதிவைத்தது: குறைந்தது 15 நாள் கூலி, டிசம்பர் 20-க்கு முன்னால் கைக்கு வர வேண்டும். இத்தாலியில் ‘கிறிஸ்துமஸ் அன்பளிப்பு’ என்ற பெயரிலேயே 1937-இல் தொழிற்சாலை அலுவலக ஊழியர்களுக்கு வந்த பதின்மூன்றாம் மாதச் சம்பளம், 1960-இல் எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரிந்தது. பிலிப்பைன்ஸில் அதே பதின்மூன்றாம் மாதச் சம்பளத்துக்காக 1975-இல் பிறந்த ஆணை டிசம்பர் 24-ஐக் கடைசி நாளாகக் குறித்தது. இத்தாலியில் அது முதலில் வந்தது முசோலினி காலத்தில், பிலிப்பைன்ஸில் வந்தது மார்க்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒடுக்குபவர்களும் பண்டிகையின் அருமையை அறிந்திருந்தார்கள். நம்மிடம் நடந்ததும் இதே பாதைதான். பம்பாய்ப் பஞ்சாலைகளில் முதல் உலகப்போர்க் காலத்தில் கொடுக்கத் தொடங்கிய போனஸ் பின்னால் நிறுத்தப்பட்டபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விசாரித்த குழு 1924-இல், அது முதலாளி மனம்வைத்துத் தருவது, கேட்டுப் பெறும் உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. நாற்பத்தோரு ஆண்டு கழித்து, 1965-இல், போனஸ் வழங்கல் சட்டம் அதை உரிமையாக்கியது. பின்னர் குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு என்றானது: வருஷக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதம். தீபாவளிக்கு முன் அந்தப் பணத்தை வாங்கும் தொழிலாளி முதலாளிக்கு அன்பு இருக்கிறதா என்று ஆராய்வதில்லை. அந்த மாதம் வீட்டில் புதுத்துணியும் பள்ளிக் கட்டணப் பாக்கியும் ஒருசேரத் தீர்கின்றன. அன்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்பு வரும்வரை பசியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

கொடுப்பவர் மட்டுமே தீர்மானிக்கும் பரிசில் எவ்வளவு வீணாகிறது என்பதைப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் கணக்கிட முயன்றார். தன் மாணவர்கள் பெற்ற கிறிஸ்துமஸ் பரிசுகளின் விலையையும், அவற்றுக்குத் தாங்களே எவ்வளவு கொடுத்திருப்போம் என்று அவர்கள் சொன்ன தொகையையும் ஒப்பிட்டு, பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மதிப்பு கரைந்துபோவதாகச் சொன்னார். வசதியான குடும்பங்களுக்கு இடையே, ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களிடையே நடக்கும் கரைசல் இது. உறவின் பரிசைச் சந்தை விலையால் அளப்பது சரியா என்று அவரோடு சண்டை போடலாம், போட்டிருக்கிறார்கள். ஆனால் முகம் தெரியாத குடும்பத்துக்கு, அவர்களைக் கேட்காமல், நாமே முடிவு செய்து கட்டிக் கொடுக்கும் போர்வையிலும் பொம்மையிலும் கரைவது இன்னும் அதிகமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை. கேட்பதற்கு ஆகும் செலவு ஒரு கேள்விதான்.

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது, இந்த வாதத்தின் வரம்பும் அங்கேதான் இருக்கிறது. அகினால்டோவும் போனஸும் முதலாளி இருப்பவருக்கு மட்டும். தோமையார் நாளில் வாசலுக்கு வந்த விதவைக்கு முதலாளி கிடையாது; இன்று நடைபாதையில் பூ விற்பவருக்கும் கிடையாது. அவர்களுக்குத் தேவாலயச் சட்டியும் நாளிதழ் நிதியும் இன்னும் வேண்டியிருக்கின்றன. மேலும், கேட்பவர் குரல் ஓய்ந்துபோனால் சட்டமாக எழுதப்பட்ட கொடையும் தானாகவே தேய்ந்துபோகும். ஸ்விஃப்டின் காபிக் கடைப் பையன்கள் தங்கள் ‘வரி’யைக் கூட்டிக்கொண்டார்கள், கூட்டாவிட்டால் கொடுப்பவர் தானாகக் கூட்டியிருக்க மாட்டார். அதே பிரிட்டனின் அரசாங்கம் ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்குக் கிறிஸ்துமஸ் போனஸ் என்று ஒன்றை 1972-இல் கொண்டுவந்தது. அன்று அதன் தொகை 10 பவுண்டு. இன்றும் 10 பவுண்டுதான்.